அக்கா திருப்பி மாட்டிய ஜன்னல்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருடைய வீட்டில் எங்கள் அக்காவின் கை பட்ட பழைய ஜன்னல் ஒன்று இருக்கிறது. சிலர் அதில் சாவி மாட்டுகிறீர்கள். சிலர் அதில் முகம் பார்த்துத் தலை வாருகிறீர்கள். சிலர் அதற்குக் கால் வைத்துத் தரச் சொல்லி அதன் மேல் காப்பி டம்ளர் வைக்கிறீர்கள். ஒரு வீட்டில் அதன் மேல் பூனை படுத்துத் தூங்கியதை நானே பார்த்தேன். யார் வீடு என்று சொல்ல மாட்டேன்.

அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைவுறும் இந்த நாளில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு தங்கையாகிய எனக்கு வந்திருக்கிறது. முறைப்படி மூத்தவரான அண்ணன்தான் எழுதியிருக்க வேண்டும். "நீ டீச்சரா இருந்தவ, நீயே எழுது. ஆனா என்னப் பத்தி ரொம்ப எழுதிடாத" என்று சொல்லிவிட்டார். முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டேன்.

நினைவு மலர்களில் மறைந்தவர்கள் எல்லோருமே பொறுமையின் வடிவமாக இருப்பார்கள். எங்கள் அக்கா அப்படி இல்லை. இரண்டாவது முறை கூப்பிட்டும் வராதவர்களை மூன்றாவது முறை கூப்பிட மாட்டார், தாமே செய்துவிடுவார், பிறகு ஒரு வாரம் சொல்லிக்காட்டுவார். அன்பு நிறைய இருந்தது, நாக்கும் நீளமாக இருந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை விட்டால் படிக்கிறவர்கள் இது யாரோ வேறு ஒருவர் என்று நினைத்துவிடுவார்கள்.

அக்கா பிறந்தது ஒக்கலிபுரத்தில். அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். வரிசை வீடுகளில் நடுவில் இருந்த ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், பின்னால் ஒரு கிடங்கின் சுவர். வாசற்கதவு ஒன்றுதான் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வழி. ஜன்னல் என்ற ஒன்று அந்த வீட்டில் கிடையாது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் அம்மா அரிசியில் கல் பொறுக்குவார்.

அக்கா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். வேலையாட்களிடம் என்ன பேசினாரோ தெரியாது, ஒரு ஜன்னல் கதவைக் கேட்டு வாங்கிவிட்டார். மரச்சட்டமும் கண்ணாடியும் உடையாமல் இருந்தன. ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, பள்ளிச் சீருடையோடு அதைத் தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தோம். வாசலிலேயே அம்மா மறித்துக்கொண்டார்.

"இடிச்ச வீட்டு ஜன்னலயா வீட்டுக்குள்ள கொண்டாற? அந்த வீட்டுக் கஷ்டமெல்லாம் நம்ம வீட்டுக்கு வரவா?"

"அவங்க கஷ்டமெல்லாம் கதவு வழியாப் போயிருக்கும்மா. இது ஜன்னல்தான" என்றார் அக்கா.

உள்ளே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு வழக்கு முடிந்தது. ஆனாலும் அம்மா விடவில்லை. கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தீர்த்தத்தை ஜன்னலின் நான்கு மூலையிலும் தெளித்து, சிலுவை போட்டு, வெயிலில் காய வைத்த பிறகே உள்ளே விட்டார். எங்கள் மூன்று பேருக்கும் ஞானஸ்நானத்தின்போது இவ்வளவு கவனமாகத் தண்ணீர் ஊற்றினார்களா என்று அண்ணன் கேட்டார்.

அப்பா சுவரில் ஆணி அடித்தார். ஜன்னலின் ஒரு பக்கத்தில் பித்தளைத் தாழ்ப்பாள் துருத்திக்கொண்டிருந்ததால் சுவரோடு படியவில்லை. அப்பா அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் அக்கா காலண்டரிலிருந்து வெட்டிய மலை ரயில் படத்தை வைத்தார். அன்று மாலை வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். "சுவத்துல ஜன்னல மாட்டுனா காத்து வருமாடி?" என்று ஒரு அத்தை கேலி செய்தார். "காத்து வராது அத்தே. ஆளுங்க வருவாங்க. இப்ப நீங்க வரல?" என்றார் அக்கா. அந்த அத்தை மறுநாளும் வந்தார்.

படிப்பு முடிந்ததும் அக்கா நகரத்தின் பெரிய ஹோட்டல் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அங்கேயும் பாருங்கள், மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறைதான் அவருக்கு வாய்த்தது. தமிழ், கன்னடம், இங்கிலீஷ், உருது என்று மாற்றி மாற்றிப் பேசிப் பழகியதால் எந்த ஆளிடமும் எந்த இடத்திலும் வாய் திறக்கத் தயங்காத தைரியம் அங்கேதான் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தொழில் அவரை விடவில்லை. நாங்கள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "ஒரு நிமிஷம், ஹோல்ட் பண்ணு" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுவார்.

திருமணமாகி விவேக் நகருக்கு வந்தார். அக்காவின் கணவரை நாங்கள் மாமா என்றுதான் அழைப்போம். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். அக்கா பேசியதே இருவருக்கும் போதுமானதாக இருந்தது. கோயிலுக்குப் போகும் சந்தில் முன்பக்கம் ஒரு கூடம், பின்பக்கம் ஓர் அறை, மேலே தகரக் கூரை போட்ட மொட்டை மாடி என்று ஒரு வாடகை வீடு. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி விசாரித்தவர்களுக்கு அக்கா கொடுத்த பதில்களை மலரில் அச்சிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்ததும் இருவரும் சிவாஜிநகருக்குப் பேருந்து ஏறுவார்கள். பழைய மரச் சாமான் கடைகளில் அக்காவுக்குத் தனி வரவேற்பு இருந்தது. "ஆவோ அம்மா, கன்டோன்மென்ட் பங்களா கிடிக்கி வந்திருக்கு, பர்மா தேக்கு" என்று கடைக்காரர் தூரத்திலேயே கூவுவார். கிடிக்கி என்றால் ஜன்னல். அக்கா மரத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு உருதுவில் ஏதோ சொல்வார். கடைக்காரர் சிரித்துவிட்டு, "செரி, தேக்கு இல்ல" என்று ஒப்புக்கொள்வார். திரும்பும்போது மாமாவின் தோளில் ஒரு ஜன்னல் இருக்கும். நடத்துநர் அதற்கும் டிக்கெட் கேட்பார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் வழக்கப்படியே தீர்த்தம் தெளிக்கப்படும். சோப்புத் தண்ணீரில் கழுவி, உதிரும் வண்ணத்தை மட்டும் சுரண்டி, ஒட்டியிருப்பதை அப்படியே விட்டு மேலே வார்னிஷ் பூசுவார். மழையும் வெயிலும் பட்ட பக்கத்தில்தான் பச்சை, நீலம், வெள்ளை என்று எத்தனையோ பூச்சுகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்தை எல்லோரும் பார்க்கும்படி வைத்து, தாழ்ப்பாள் இருக்கும் பக்கத்தை அப்பா செய்த மாதிரியே சுவரோடு ஒட்டி மாட்டுவார். கழற்றிய தாழ்ப்பாள்கள் சமையலறைத் தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போகும். "இது எதுக்கு?" என்று கேட்டால், "கெடக்கட்டும், சோறா கேக்குது?" என்பார்.

இப்படி இருந்த குடும்பத்தில்தான் இடி விழுந்தது. மாமாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். அக்கா வேலையை விட்டுவிட்டார். மாமா படுத்திருந்த பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. நாள் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எங்களுக்கே மனது தாங்கவில்லை. அக்கா ஒரு பெரிய ஜன்னல் சட்டத்தில் கண்ணாடிக்குப் பதிலாக முகம் பார்க்கும் கண்ணாடியைப் பொருத்தி, கூடத்தில் வாசலுக்கு எதிரே சாய்த்து வைத்தார். அதை இப்படியும் அப்படியும் நகர்த்திவிட்டு ஓடிப்போய் மாமாவின் தலையணையில் தலை வைத்துப் பார்ப்பார். மறுபடி வந்து நகர்த்துவார். கடைசியில் சரியாக அமைந்தது. படுக்கையிலிருந்தே மாமாவுக்கு வாசல் வழியாகத் தெரு தெரிந்தது. மெழுகுவர்த்திக் கடை தெரிந்தது. வியாழக்கிழமை கோயிலில் நடக்கும் நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டம் தெரிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு மாமா முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம், "இன்னிக்கிக் கூட்டம் ஜாஸ்தி" என்பதுதான். அதைக் கேட்டு அக்கா அழுதார். நான் அறிந்து அவர் பிறர் முன்னால் அழுதது அன்றுதான்.

மாமா காலமான பிறகு அண்ணன் ஒரு முடிவோடு வந்தார். அவரைப் பற்றி அதிகம் எழுதக் கூடாது என்றாலும் இதை எழுதாமல் முடியாது. கூடம், பின்னறை, மொட்டை மாடி எங்கும் ஜன்னல்கள் அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே நாற்காலி தேடி உட்கார்ந்து அண்ணன் சொன்னார்.

"பாப்பா, நீ இங்க தனியா இருக்கிறது சரியில்ல. இந்தக் குப்பையெல்லாம் வந்த வெலைக்குத் தள்ளிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு. மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு."

அக்காவுக்கு எத்தனை வயதானாலும் அண்ணனுக்கு அவர் பாப்பாதான்.

"அந்த ரூம்ல ஜன்னல் இருக்காண்ணா?"

"ரெண்டு பெரிய ஜன்னல் இருக்கு."

"அப்ப அங்க எனக்கு வேலை இல்ல" என்றார் அக்கா.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய கோபத்தில் நியாயமும் இருந்தது. தனியாக இருக்கும் தங்கை, வேலை இல்லை, வீட்டு வாடகை இருக்கிறது. ஊரில் யாராவது ஏதாவது பேசினால் அண்ணனைத்தான் பேசுவார்கள். ஆனால் அக்காவுக்கு அந்த மாடி அறை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அங்கே வேளைக்குச் சாப்பாடு வரும், மரியாதை இருக்கும், செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஜெபமாலையும் கையுமாக உட்கார வைத்துவிடுவார்கள். அன்று அக்கா சொன்ன வார்த்தை இது.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் விடுண்ணா. அதுக்குள்ள இந்த ஜன்னல வெச்சே நான் என் கால்ல நின்னு காட்டலன்னா, நானே பெட்டியத் தூக்கிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அக்கா ஒரு வார்த்தை பேசாமல் இருப்பாரா என்பது வேறு விஷயம். ஆனால் சொன்னால் செய்வார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆகவே அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாங்கள் எண்ண ஆரம்பித்தோம்.

அக்கா வேலையில் இறங்கினார். பக்கத்துச் சந்தில் இருந்த தச்சர் முனிராஜுவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். ஜன்னல் வந்ததும் அக்கா தீர்த்தம் தெளிப்பதை முனிராஜு முதல் நாள் பார்த்தார். மறுநாள் அவர் பங்குக்கு ஒரு எலுமிச்சம்பழமும் குங்குமமும் கொண்டுவந்தார். "நிம்து ஒண்ணு, நம்து ஒண்ணு. உங்க சாமி, நம்ம சாமி, ஏதாவது ஒண்ணு வேலை செய்யும்க்கா" என்றார். அன்று முதல் அந்த வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரண்டு மதத்து மரியாதையும் கிடைத்தது. மெழுகுவர்த்திக் கடைக்கு ஓர் அலமாரி, பல் மருத்துவர் ஒருவருக்கு முகக்கண்ணாடி, யாரோ ஒருவர் வீட்டு பால்கனிக்கு மணிபிளான்ட் ஏறும் சட்டம் என்று சில்லறை வேலைகள் வந்தன. ஆனால் சில்லறை வேலைகள் அண்ணனின் வாயை அடைக்கப் போதுமானவையாக இல்லை.

அப்போதுதான் ரிச்மண்ட் டவுனில் ஒரு பழைய பங்களாவை இடிப்பதாகக் கேள்விப்பட்டு அக்கா ஜன்னல் வாங்கப் போனார். அந்த வீட்டுக்காரரின் மகன் அங்கேயே அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார். பாதி எழும்பிவிட்டது, மிச்சமிருந்த பழைய பகுதியை இடித்துக்கொண்டிருந்தார்கள். "இந்தப் பழைய ஜன்னலை வெச்சு என்னம்மா பண்ணுவீங்க?" என்று அவர் கேட்டார். அக்கா அவரை ஆட்டோவில் ஏற்றி விவேக் நகருக்கே கூட்டி வந்து வீட்டைக் காட்டினார். அந்த மனிதர் கூடத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு தம்முடைய தாயார் சரோஜம்மாவைப் பற்றிச் சொன்னார். அந்தப் பங்களாவில்தான் அவர் பிறந்தாராம். வீட்டை இடிக்கச் சம்மதித்த நாளிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசுவதில்லையாம். புதுக் கட்டடத்தின் கீழ்த்தள முகப்பில், உள்ளே நுழைந்ததும் எதிரில் தெரியும் பெரிய சுவர் முழுவதும் அந்த வீட்டு ஜன்னல்களையே வைத்துத் தர வேண்டும், அம்மாவுக்குச் சொல்லாமல் வைத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்றார்.

வாழ்நாளில் அப்படி ஒரு வேலை அக்காவுக்கு வந்ததில்லை. ஒரு சுவர் முழுக்க ஜன்னல். கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்ன விளக்குகள். கிருகப்பிரவேசம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். இது நன்றாக அமைந்தால் அடுத்தடுத்து வேலை வரும். சொதப்பினால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

கிருகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் மதியம் எல்லாம் மாட்டி முடிந்திருந்தது. நானும் போயிருந்தேன். அண்ணனும் தம் பழைய காரில் வந்திருந்தார். உதவிக்கு வந்ததாகச் சொன்னார். எப்படிக் கவிழப் போகிறது என்று கண்ணால் பார்க்க வந்தார் என்று அக்கா என் காதில் சொன்னார். விளக்கைப் போட்டதும் நான் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். பச்சையும் நீலமும் மங்கலான வெள்ளையுமாகச் சுவர் முழுவதும் ஜன்னல்கள். முனிராஜு தாம் செய்த வேலையைத் தாமே நம்பாதவர்போல நின்றார். அண்ணன்கூட, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

மகன் கையைப் பிடித்துச் சரோஜம்மாவை அழைத்து வந்தார். வெள்ளைத் தலை, நிமிர்ந்த நடை. சுவரைப் பார்த்து நின்றார். வெகு நேரம் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சென்னாகிதே" என்றார் மெதுவாக, கன்னடத்தில். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்துத் தமிழில், "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா என்னை ஏன் வெளிய நிக்க வெச்சிட்டீங்க?" என்று கேட்டார்.

யாருக்கும் புரியவில்லை. சரோஜம்மா சுவரருகே போய்ச் சட்டத்தின் ஓரத்தைத் தடவினார். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பட்டி அங்கே காய்ந்து வெடித்திருந்தது. "இது மழ அடிக்கிற பக்கம். பட்டி வெச்சது எப்பவும் வெளிப்பக்கம்தானே? தாழ்ப்பாள் எங்க? வீட்டுக்குள்ள இருந்தா தாழ்ப்பாள் என் கைக்கு வரணும் இல்லயா? நான் தோட்டத்துல நின்னுக்கிட்டு என் வீட்ட வேடிக்க பாக்கற மாதிரி இருக்கு."

அக்கா அருகே போய் அந்தப் பட்டியைத் தாமே தடவிப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஜன்னலே இல்லாத வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள். ஜன்னலுக்கு உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று எங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அப்பா வசதிக்காக அன்று மாட்டியதைப் பார்த்து, எது அழகாக இருந்ததோ அதை முன்னால் வைத்து, அக்கா அத்தனை ஆண்டுகளும் எல்லா ஜன்னலையும் வெளிப்பக்கமாகவே மாட்டிக்கொண்டிருந்தார்.

மகனுக்குச் சங்கடமாகிவிட்டது. "அம்மா, யாருக்கு அதெல்லாம் தெரியப்போகுது, ஆய்த்து, முடிஞ்சுது, விடும்மா" என்றார். அக்காவிடம், "மேடம், நீங்க கவலப்படாதீங்க, எனக்குத் திருப்திதான்" என்றார். அண்ணன் அக்காவின் காதருகே, "விடு பாப்பா, அவரே சரின்னுட்டாரு. பொழைச்ச" என்றார்.

"அவரு சரின்னுட்டாரு. அந்தம்மா சொல்லலியே" என்றார் அக்கா. பிறகு திரும்பிப் பார்க்காமலேயே, "முனிராஜு, கழட்டுப்பா" என்றார்.

"எல்லாமாக்கா?"

"எல்லாம்."

"நாளிக்கு பூஜை இருக்குக்கா!"

"அதான் இன்னிக்கே கழட்டச் சொல்றேன்."

தாழ்ப்பாள்கள் விவேக் நகரில் பிஸ்கட் டின்னில் இருந்தன. அக்கா அண்ணனைப் பார்த்தார். "அண்ணா, வீட்டுக்குப் போ. சமையக்கட்டு மேல் தட்டுல டின் இருக்கும். கொட்டிடாம கொண்டா." அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அந்த நேரத்துப் போக்குவரத்தில் அவர் போய் வந்ததைப் பற்றி இன்றும் கேட்டால் சொல்வார். நேரம் இருக்கிறவர்கள் கேட்கவும்.

அவர் வருவதற்குள் ஒவ்வொரு ஜன்னலையும் இறக்கி, திருப்பி, தாழ்ப்பாளுக்கும் சுவருக்கும் ஏற்றபடி முட்டுக்கட்டை வைத்து முனிராஜு மாட்டிக்கொண்டு வந்தார். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் நின்றார். டின் வந்ததும் அடுத்த சிக்கல். அக்காவின் எல்லாத் தாழ்ப்பாள்களும் அதில் ஒன்றாகக் கிடந்தன. எது இந்த வீட்டுடையது, எது எந்த ஜன்னலுக்கு உரியது என்று யாருக்குத் தெரியும்?

சரோஜம்மா ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து டின்னை மடியில் வாங்கிக்கொண்டார். விரலால் தடவித் தடவி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். "இது எங்கண்ணன் ரூமு. கோவம் வந்தா ஓங்கி அடிப்பான், வளஞ்சிருக்கு பாருங்க. இது சமையல் ரூமு, எண்ணெப் பிசுக்கு இன்னும் போகல. இது என்னுது." பேசவே பேசாதவர் என்று மகன் சொன்னாரே, அந்த அம்மாள் அன்று நிறுத்தவே இல்லை. மகன் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லாம் முடிந்தது. பச்சையும் நீலமும் இப்போது சுவர்ப் பக்கம் போய்விட்டன. முன்னால் தெரிந்தது வெறும் பழுப்பு மரமும் பித்தளையும்தான். உண்மையைச் சொன்னால், பார்வைக்கு முதலில் இருந்ததே எடுப்பாக இருந்தது. சரோஜம்மா எழுந்து போய்த் தம் அறை ஜன்னலின் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தார். டக் என்று சத்தம் வந்தது. பின்னால் சுவர் இருப்பதால் ஜன்னல் திறக்கவில்லை. அவருக்கு அந்தச் சத்தமே போதுமாக இருந்தது.

"இப்ப வீட்டுக்குள்ள வந்துட்டேன்" என்றார். அக்காவை ஏணியிலிருந்து இறங்கச் சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மறுநாள் கிருகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு தாழ்ப்பாளையும் இழுத்து டக் டக் என்று சத்தம் செய்து பார்த்தார்களாம். ஹோமம் செய்த ஐயர்கூட ஒன்றை இழுத்தாராம். ஒவ்வொருவரிடமும் சரோஜம்மா அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தி அறிமுகம் செய்தார். தங்கள் பழைய வீட்டு ஜன்னலை வைத்துத் தரச் சொல்லி அன்றே பலர் கேட்டார்கள். கோரமங்கலாவில் ஒரு காப்பிக் கடை, ஃப்ரேசர் டவுனில் ஒரு பள்ளி நூலகம், ஒரு திருமண மேடை என்று வேலைகள் வரிசையில் நின்றன. என் அக்கா ஜெயித்துவிட்டார். கை தட்டுவதற்கு நினைவு மலரில் இடம் கிடையாது, இருந்தாலும் இந்த இடத்தில் தட்டலாம்.

ஆனால் எங்கள் குடும்பத்துக்கு வெற்றி என்பது அதற்கு முந்தைய நாள் மாலையே வந்துவிட்டது. வேலை முடிந்து அண்ணனின் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். கோயில் சந்தில் வண்டியை நிறுத்திய பிறகு அண்ணன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, அந்த மாடி ரூம வாடகைக்கு விட்டுடட்டுமா?"

"விட்டுடுண்ணா. ரெண்டு ஜன்னல் இருக்குன்னு சொல்லு, நல்ல ஆளா வருவாங்க" என்றார் அக்கா.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டுக் கூடத்தில் ஜன்னல் சட்டங்களாலேயே குடில் கட்டினார். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்தவர்கள் ஒரு தாழ்ப்பாளை நீக்கித் திறந்துதான் பார்க்க வேண்டும். அண்ணன் வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் அதை எப்படித் திறப்பது என்று காட்டினார். யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை.

புத்தாண்டு பிறந்ததும் அக்கா தம் வீட்டிலிருந்த எல்லா ஜன்னலையும் திருப்பி மாட்டினார். உங்களில் சிலர் வீட்டுக்கே வந்து, "தப்பா மாட்டிட்டேன், மாத்தித் தர்றேன்" என்று கழற்றிக்கொண்டு போனது நினைவிருக்கும். ஒன்றை மட்டும் திருப்பவில்லை, திருமணமானபோது கூடவே கொண்டுவந்த அந்த ஒக்கலிபுரத்து முதல் ஜன்னலை. ஏன் என்று கேட்டேன். "அது அப்பா மாட்டுனது. அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அதன் பிறகு அக்கா வாழ்ந்த ஆண்டுகள் நல்ல ஆண்டுகள். காலையில் திருப்பலி, பகலில் பட்டறை, மாலையில் சண்டை. முனிராஜுவோடும் என்னோடும் ஆட்டோக்காரர்களோடும் மாறி மாறிச் சண்டை. தம் கையால் உழைத்து, தம் வீட்டில், தம் விருப்பப்படி சமைத்து உண்டார். இதய நோய் வந்து மருத்துவமனையில் படுத்திருந்தபோதும், "சிஸ்டர், இந்தச் சுவரு சும்மா கெடக்கே, பாத்தா ஒரு மாதிரி இல்ல?" என்று நச்சரித்து, முனிராஜுவை விட்டு ஒரு சின்ன ஜன்னலை வார்டில் மாட்ட வைத்தார். வீடு திரும்பும்போது அதை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். ஒரு வியாழக்கிழமை, நவநாள் பாடல்கள் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த வேளையில், தம் சொந்தக் கட்டிலில், மாமாவுக்காகச் சாய்த்து வைத்த அந்தக் கண்ணாடியில் தெருவைப் பார்த்தபடி அக்கா அமைதியாக இறைவனிடம் சென்றார்.

அக்காவை மருத்துவமனையில் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நோயில் பூசுதல் என்னும் அருட்சாதனம் கொடுத்து அடக்கத் திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், மாலைதோறும் வந்து ஜெபமாலை சொன்ன அன்பியக் குழு மக்களுக்கும் எங்கள் நன்றி. கடையைப் பூட்டிவிட்டு வந்து கல்லறை வரை தோள் கொடுத்த சிவாஜிநகர் வியாபாரிகளுக்கும், தள்ளாத வயதிலும் நேரில் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சரோஜம்மாவுக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பட்டறையைத் தொடர்ந்து நடத்தும் முனிராஜு எங்களுக்கு இன்னொரு சகோதரர். அவர் இப்போது எலுமிச்சம்பழத்தோடு தீர்த்தத்தையும் தாமே தெளிக்கிறார்.

இனி ஒன்றுதான் பாக்கி. நம் வீடுகளில் மறைந்தவர்களின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது வழக்கம். அக்காவின் படத்துக்கு வேறு சட்டம் தேடவில்லை. ஒக்கலிபுரத்து ஜன்னலின் கண்ணாடிக்குப் பின்னால், மலை ரயில் இருந்த இடத்தில் வைத்தோம். அப்பா அன்று கழற்றிய தாழ்ப்பாள் டின்னின் அடியில் கிடைத்தது. முனிராஜு அதை அதற்குரிய இடத்தில் திருகினார். போன வாரம் அதை மாட்டுவதற்காக நாங்கள் மூவரும் அக்கா வீட்டுக் கூடத்தில் நின்றோம். அக்கா சொல்லிக் கொடுத்தபடி தாழ்ப்பாள் இருக்கும் பக்கம் நம்மைப் பார்க்கும்படி நான் பிடித்தேன்.

"திருப்பு" என்றார் அண்ணன்.

"அது வெளிப்பக்கம்ண்ணா. பட்டிப் பக்கம் நம்மளப் பாக்கும்."

"தெரியும். தாழ்ப்பாள் அவ பக்கம் இருக்கட்டும்" என்றார். ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார். "பாப்பா வீட்டுக்குள்ள போயிட்டா. நாமதான் இன்னும் வெளிய நிக்கிறோம். நம்ம நேரம் வரும்போது அவதான் தொறக்கணும்."

அப்படியே மாட்டியிருக்கிறோம். திருப்பலி முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.